ஸ்டீராய்டு ஊசியை நிறுத்திய ஆண்களுக்கு: முதல் வாரத்திலிருந்து ஓராண்டு வரை மருத்துவ வழிகாட்டி

உடம்பை ஏற்றுவதற்காக ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டவர் அதை நிறுத்தியதும் முதல் சில வாரங்களில் பெரிய மாற்றம் எதையும் உணர மாட்டார். தசையில் தேங்கிய எண்ணெய் மருந்து மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். அது தீர்ந்த பிறகுதான் சரிவு தொடங்கும். காலையில் எழவே சோர்வாக இருக்கும். தாம்பத்திய ஆசை அற்றுப்போகும். காரணம் தெரியாமல் அழுகை வரும். நேற்றுவரை தூக்கிய எடையில் பாதியைத் தூக்கவும் கை நடுங்கும். பலர் மறுபடி ஊசிக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். தனக்கு மனவுறுதி இல்லை என்று தன்னையே நொந்துகொள்கிறவரின் ரத்தத்தை அப்போது எடுத்துப் பார்த்தால், ஆண் ஹார்மோன் வற்றிக் கிடப்பது தெரியும். அது உடலின் நிலை. அவருடைய குணத்தின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த வழிகாட்டி அந்தப் பள்ளத்தைக் கடப்பதைப் பற்றியது. மருந்தின் அளவுகளை இதில் தரவில்லை, அது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. அவரிடம் எப்படிப் போவது, என்ன கேட்பது, எதற்கு அவசரப்படக் கூடாது என்பவற்றைச் சொல்கிறேன்.

உடலுக்குள் நடந்தது என்ன

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதாலமஸ், அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு அனுப்புகிறது. பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்எச் விரைகளை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. எஃப்எஸ்எச் விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும்.

ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. வாரக் கணக்கில் 50 மில்லிகிராமைத் தாண்டாது. ஜிம்மில் வாரத்துக்கு 500 மில்லிகிராம் போடுவது சாதாரணமாகிவிட்டது. இவ்வளவைக் கண்டதும் மூளை உத்தரவை அடியோடு நிறுத்திவிடுகிறது. வேலையில்லாத விரைகள் சுருங்குகின்றன. விந்தணு உருவாக விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும், ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. வெளியிலிருந்து போடும் ஊசியால் அந்த அடர்த்தியைத் தர முடியாது. அதனால்தான் பார்வைக்கு ஆணழகனாக இருப்பவரின் விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று முடிவு வருகிறது.

ஊசியை நிறுத்தியவுடன் மூளை விழித்துக்கொள்வதில்லை. அது விழிக்க எடுக்கும் காலம்தான் நீங்கள் கடக்க வேண்டிய காலம்.

முதல் படி: போட்டதையெல்லாம் எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். எந்த மருந்து, வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை மாதம், இதுவரை எத்தனை கோர்ஸ், கடைசி ஊசி எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். பாட்டில், அட்டை, டப்பா ஏதாவது மிச்சம் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கள்ளச்சந்தை மருந்துகளில் லேபிளில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்பது அடிக்கடி நடக்கிறது. மருத்துவருக்கு அதுவும் தெரிய வேண்டும்.

கடைசி ஊசித் தேதி ஏன் முக்கியம்? டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட், சிப்பியோனேட் போன்ற எண்ணெய் ஊசிகள் உடலை விட்டு நீங்கச் சில வாரங்கள் ஆகும். ஜிம்களில் டெக்கா என்று சொல்லப்படும் நாண்ட்ரோலோன் டெகனோயேட் இன்னும் நெடுநாள் தங்கும். அதன் சிதைவுப் பொருள்களை ஊக்கமருந்துச் சோதனைகள் ஓராண்டுக்குப் பிறகும் கண்டுபிடித்திருக்கின்றன. மாத்திரைகள் சில நாட்களில் போய்விடும். எனவே ஒரே நாளில் நிறுத்திய இரண்டு நண்பர்களுக்குச் சரிவு ஒரே நாளில் தொடங்காது.

ஸ்டீராய்டோடு சேர்த்து எடுத்தவற்றையும் மறைக்க வேண்டாம். இன்சுலின், கொழுப்பைக் கரைக்க எடுக்கும் கிளென்பியூட்டரால், தைராய்டு மாத்திரை, வளர்ச்சி ஹார்மோன், போட்டிக்கு முன் உடல் வறள எடுக்கும் சிறுநீர் மாத்திரை என ஒவ்வொன்றுக்கும் தனி ஆபத்து உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை அவசியம் தீர்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தரும் பிரெட்னிசோலோன், டெக்சாமெதாசோன் போன்றவையும் ஸ்டீராய்டு என்றே அழைக்கப்படுகின்றன. அவை வேறு வகை. ஒல்லியாக இருப்பவர்களுக்கு எடை கூடும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளில் டெக்சாமெதாசோன் இருப்பதுண்டு. அதைப் பல வாரங்கள் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். பெயர் தெரியாத எடை மாத்திரையை எடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஒரு பக்கக் கை கால் பலவீனம், கண்ணில் மஞ்சள், ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல், தற்கொலை எண்ணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அங்கே ஸ்டீராய்டு எடுத்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இருபத்தைந்து வயது இளைஞனின் நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டால் இசிஜி எடுப்பார்கள்.

மூன்றாம் படி: சரியான மருத்துவர்

நாளமில்லாச் சுரப்பி நிபுணர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட், இதற்குப் பொருத்தமானவர். குழந்தைப்பேறு உடனடிக் கவலையாக இருந்தால் ஆண் மலட்டுத்தன்மையைப் பார்க்கும் சிறுநீரகவியல் நிபுணரோ ஆண்ட்ராலஜிஸ்டோ உதவுவார். அருகில் யாரும் இல்லையென்றால் நல்ல பொது மருத்துவரிடமே தொடங்கலாம். முதல் சுற்றுப் பரிசோதனைகளை அவரே எழுதித் தருவார்.

தயக்கம்தான் பெரிய தடை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், நான் இரண்டு வருடமாக ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோனும் டெக்காவும் போட்டுக்கொண்டேன். ஆறு வாரத்துக்கு முன் நிறுத்திவிட்டேன். இப்போது மிகவும் சோர்வாக இருக்கிறது. ஹார்மோன், இதயம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும்." இவ்வளவு போதும். நோயாளி சொன்னதை வெளியே சொல்லாமலிருப்பது மருத்துவரின் கடமை. அவர் திட்டினால், மருத்துவரை மாற்றுங்கள், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். ஊசி விற்ற பயிற்சியாளரையே மறுபடி ஆலோசகராக வைத்துக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அடுத்த கோர்ஸ்.

நான்காம் படி: பரிசோதனைகளும் அவற்றைப் படிக்கும் விதமும்

டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து மாலையில் குறையும். எனவே ரத்தத்தைக் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரவு நன்றாகத் தூங்கிய பிறகு கொடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ஒரு முடிவை வைத்து எந்தத் தீர்மானமும் கூடாது. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் சொல்லுங்கள். அது ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டும்.

சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் கனமான எடைப் பயிற்சி வேண்டாம். பலரை வீணாகப் பயமுறுத்துவது இந்த விஷயம்தான். ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள் தசையிலும் இருக்கின்றன. முந்தின நாள் கால் பயிற்சி செய்தவருக்கு அவை எகிறித்தான் நிற்கும். கல்லீரலைக் காட்டும் ஜிஜிடி, பிலிரூபின், தசை நொதியான சிகே ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு கல்லீரலிலா தசையிலா என்று பிரித்தறிய முடியும். தசை அதிகம் உள்ளவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்ப்பார்கள்.

ஹார்மோன் பட்டியலில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச், எஸ்எச்பிஜி (ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துச் சுமக்கும் புரதம்), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன்), புரோலாக்டின், தைராய்டு ஆகியவை இருக்க வேண்டும். உடல் பருமன் இல்லாத இளம் ஆண்களுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 264 முதல் 916 நானோகிராம் வரை இயல்பு என்று கொள்ளலாம். ஆனால் தனி எண்ணைவிட எல்எச்சோடு சேர்ந்து அது சொல்லும் கதை முக்கியம்.

எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் தரைமட்டத்தில், டெஸ்டோஸ்டிரோன் மட்டும் வானத்தில் என்றால் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. சில வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள். மூன்றுமே கீழே இருந்தால் மூளை இன்னும் விழிக்கவில்லை, அல்லது நாண்ட்ரோலோன் போன்ற வேறு மருந்து இன்னும் தங்கியிருக்கிறது. எல்எச் எழும்பத் தொடங்கி டெஸ்டோஸ்டிரோன் இன்னும் பின்தங்கியிருந்தால் அது நல்ல செய்தி. உத்தரவு போகத் தொடங்கிவிட்டது, விரைகள் பதில் சொல்ல நேரம் எடுக்கின்றன. எல்எச் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறாவிட்டால் விரையிலேயே பழுது இருக்கலாம், வேறு காரணங்களைத் தேட வேண்டும். மாத்திரை ஸ்டீராய்டுகள் எஸ்எச்பிஜியை வெகுவாகக் குறைத்துவிடும். அப்போது மொத்த அளவு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும், அந்தப் புரதத்தில் ஒட்டாத கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு முழு ரத்தப் பரிசோதனை, கொழுப்பு அளவுகள், சர்க்கரை, ரத்த அழுத்தம். ஸ்டீராய்டு ரத்தத்தைக் கெட்டியாக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து குறித்து மருத்துவரிடம் உடனே பேசுங்கள். கெட்டியான ரத்தத்தைக் குறைக்க நீங்களாகவே ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள். அந்த ரத்தம் இன்னொருவர் உடலில் ஏறும்.

ஊசியையோ ஒரே மருந்துப் புட்டியையோ நண்பர்களுடன் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக இருக்கும்.

ஐந்தாம் படி: இதயத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள்

கண்ணாடியில் தெரியும் தசை பெருப்பதைப் போலவே இதயத்தின் தசையும் தடிக்கிறது. தடித்த இதயம் வலுவான இதயம் ஆகிவிடாது. அமெரிக்காவில் அனுபவமுள்ள 140 எடைப் பயிற்சி ஆண்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு ஸ்டீராய்டு எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 சதவீதமும் எடுத்தவர்களுக்கு 52 சதவீதமும் இருந்தது. அப்போது மருந்தில் இருந்தவர்களைவிட நிறுத்தியிருந்தவர்களின் இதயம் நன்றாக இருந்தது. நிறுத்தத் தயங்குகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்த வேறுபாட்டைத்தான்.

ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்கள் இசிஜியும், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவும் செய்துகொள்வது நல்லது. நல்ல கொழுப்பான எச்டிஎல் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டுவிடும். ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் மருந்து எடுக்கக் கூச்சம் வேண்டாம்.

ஆறாம் படி: மனத்தின் பள்ளம்

இந்தப் பகுதியை உங்கள் மனைவியோ அம்மாவோ நெருங்கிய நண்பரோ கூடப் படிக்கட்டும்.

ஹார்மோன் வற்றிய மாதங்களில் வரும் மனச்சோர்வு உண்மையான நோய். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. உடம்பு இளைப்பதைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க அது கூடும். எவ்வளவு பெருத்தாலும் ஒல்லியாகவே தெரிகிற மனநிலை சிலருக்குப் பழையது. ஊசியைத் தொடுவதற்கு முன்பே இருந்திருக்கும், ஊசி அதை மூடி வைத்திருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மனநல மருத்துவரைப் பார்ப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பாகம். மற்ற எல்லாம் தோற்ற பிறகு போகும் இடமாக அதைத் தள்ளி வைக்காதீர்கள். மனச்சோர்வு மருந்துகளில் சில தாம்பத்திய ஆசையைக் குறைக்கும், எனவே உங்கள் நிலையைச் சொல்லி மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை: பேச்சு குறைவது, "நான் இல்லாவிட்டால் நல்லது" போன்ற சொற்கள், பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, திடீர்க் குடி. கேட்டால் தூண்டிவிடுவோமோ என்று பயப்படாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104. இலங்கையில் 1926.

ஏழாம் படி: மருந்தா, காத்திருப்பா

ஜிம்களில் பிசிடி, அதாவது கோர்ஸுக்குப் பிந்தைய சிகிச்சை, என்று ஒரு பொட்டலம் விற்கிறார்கள். குளோமிஃபீன், தமாக்சிஃபென், எச்சிஜி ஊசி எல்லாம் அதில் கலந்திருக்கும். இவை உண்மையான மருந்துகள், மருத்துவர்களும் தருகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு எடுத்த எல்லோருக்கும் இவை மீட்பை உறுதியாக விரைவுபடுத்தும் என்று காட்டும் வலுவான சான்று இன்னும் இல்லை. எல்எச் எழும்பத் தொடங்கிவிட்ட, அறிகுறிகள் தாங்கக்கூடிய அளவில் உள்ள இளைஞருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் காத்திருப்பதே நல்ல சிகிச்சை என்பது என் கருத்து.

மருந்து தேவைப்படும்போது எது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜன் உணரிகளை அடைத்து, எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் கூட்டச் செய்கிறது. இது பெண்களின் கருமுட்டைக்காக வந்த மருந்து, அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும், பதற வேண்டாம். பார்வை மங்கினாலோ கண்ணில் மின்னல் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சிஜி எல்எச் போலவே நடித்து விரைகளை நேரடியாக எழுப்புகிறது. விந்தணுவுக்கு அது பயன்படும், ஆனால் எச்சிஜி போட்டுக்கொண்டிருக்கும் காலம் முழுக்க மூளையின் சொந்த எல்எச் உறங்கியே இருக்கும். ஈஸ்ட்ரோஜனை அழுத்தும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவற்றை அறிக்கையில் எண் சற்றுக் கூடியதற்காக விழுங்காதீர்கள். ஆணின் எலும்புக்கும் ஆசைக்கும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

இனி, நிறைய பேர் தவறி விழும் இடம். சோர்வைச் சொன்னதும் சில இடங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியையோ ஜெல்லையோ எழுதிவிடுகிறார்கள். உடனே தெம்பு வரும், மூளை மறுபடி உறங்கிவிடும். குழந்தை வேண்டும் என்பவருக்கு விந்தணுவைக் கூட்டுவதற்கென்று டெஸ்டோஸ்டிரோன் தருவது முற்றிலும் தலைகீழான சிகிச்சை. அப்படி எழுதித் தந்தால் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள். ஓராண்டு போல முறையாகக் காத்திருந்து, காலை நேரப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் குறைவாகவே வந்து, அறிகுறிகளும் நீடிப்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பொருத்தமாகலாம். அதுவும் வாழ்நாள் முழுக்க நீளக்கூடியது என்று தெரிந்து, கண்காணிப்போடு.

எட்டாம் படி: குழந்தை வேண்டும் என்றால்

ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே இன்றைய சிகிச்சையின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் விந்துப் பரிசோதனை காட்டும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுங்கள், இரண்டு முறை பாருங்கள்.

நம்பிக்கை தரும் எண்கள் இருக்கின்றன. ஆண்களுக்கான ஹார்மோன் கருத்தடை ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களின் விவரங்களைத் திரட்டி 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணு என்ற அளவை ஆறு மாதத்தில் 67 சதவீதத்தினரும் ஓராண்டில் 90 சதவீதத்தினரும் எட்டினார்கள். இரண்டாண்டில் எல்லோருமே எட்டலாம் என்று அந்தக் கணக்கு காட்டியது. அவர்கள் பெற்றது கட்டுப்படுத்திய அளவு. ஜிம் அளவுகளில் பல ஆண்டு எடுத்தவர்களுக்கு இது நீளும்.

பழியை முழுக்க ஸ்டீராய்டின் மேல் போட்டு மற்ற சோதனைகளை விட்டுவிடக் கூடாது. விரையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மனைவியின் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம், குறிப்பாக அவருக்கு முப்பத்தைந்தை நெருங்கும் வயது என்றால். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் மாதாமாதம் தன் உடம்பையே சந்தேகித்துக்கொண்டிருப்பது அவர்தான்.

சிறு தொல்லைகள்

மார்புக் காம்புக்குப் பின்னால் வலியோடு கட்டி தென்பட்டால் சீக்கிரம் காட்டுங்கள். புதிதாக இருக்கும்போது மருந்துக்குக் கட்டுப்படும். ஓராண்டு கடந்து இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினாயின் கல்லீரலையும் கொழுப்பையும் பாதிக்கக்கூடியது, எனவே ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே. லிவர் டானிக்குகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மாத்திரை ஸ்டீராய்டை நிறுத்தியதே கல்லீரலுக்கான சிகிச்சை.

ஜிம்முக்குப் போகலாமா

போகலாம், போக வேண்டும். எடையை முப்பது நாற்பது சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள், அதிக ஓய்வு கொடுங்கள். கொஞ்சம் தசை போகும். பயிற்சியும் முட்டை, பருப்பு, மீன், தயிர் போன்ற புரத உணவும் தூக்கமும் இருந்தால் கணிசமாகத் தங்கும். ஊசி புழங்கும் ஜிம் என்றால் வேறு ஜிம் பாருங்கள். தினமும் கண்முன் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டு யாராலும் விலகியிருக்க முடியாது.

ஓராண்டுச் சந்திப்பு

மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் மாதங்களில் மருத்துவரைப் பாருங்கள். பன்னிரண்டாம் மாதத்தில் காலை டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச், ஹீமாட்டோகிரிட், கொழுப்பு, முதலில் எக்கோவில் மாற்றம் இருந்திருந்தால் மறுபடி எக்கோ, குழந்தை திட்டம் இருந்தால் விந்துப் பரிசோதனை. அப்போதும் எல்எச் எழாமல் இருந்தாலோ, இடையில் தலைவலியோ பக்கப் பார்வை குறைவோ வந்தாலோ பிட்யூட்டரியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் ஒருமுறை ஊசிக்குத் திரும்பியிருந்தாலும் சந்திப்பைத் தவிர்க்காதீர்கள். அந்தத் தேதியையும் அதே தாளில் எழுதி, பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது பழைய எல்எச் எவ்வளவு என்பதைத்தான்.